உட்கார ஓர் இடம்

மதுரை புது நத்தம் ரோட்டில் இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு கடையாவது திறக்கிறார்கள். வாசலில் குலையோடு இரண்டு வாழை மரம், சீரியல் லைட், செண்டை மேளம், கடைக்காரரின் அப்பா அம்மா படம் போட்ட பிளெக்ஸ், முதல் மூன்று நாளைக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். நாராயணபுரத்திலிருந்து ஐயர் பங்களா போய்ச் சேருவதற்குள் மந்திக் கடை, மோமோஸ் வண்டி, ஷவர்மா அடுப்பு, கேக் கடை, பன் புரோட்டாக் கடை, ஓலைக் கூரை போட்டுக் கருப்பட்டிக் காபி விற்கிற கடை, ஏ.சி. ஓடுகிற கண்ணாடிக் காபிக் கடை என்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சிம்மக்கல், கோரிப்பாளையம், அண்ணா நகரிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வண்டியில் வந்து இறங்குகிறார்கள்.

நான் பிள்ளையாக இருந்த எழுபதுகளில் இந்த ரோட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள் என்று யாரும் கிடையாது. ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள். அவற்றைத் தாண்டினால் வயல். வடக்கே பார்த்தால் அழகர் மலை. நாங்கள்தான் 'டவுனுக்குப் போறோம்' என்று சொல்லிக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழக பஸ்ஸைப் பிடித்தோம். அந்தக் கழகமே 1972-ல் வந்ததுதான். எங்கள் திருப்பாலை என்றால் மதுரைக்காரர்களுக்கு அன்றைக்கு அது ஒரு கிராமம். 2011-ல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோதுதான் திருப்பாலையும் மதுரைக்குள் வந்து சேர்ந்தது. டவுனைத் தேடிப் போன ரோட்டை இன்று டவுன் தேடி வருகிறது.

திறக்கிற கடைகளை நான் ஆசையாகப் போய்ப் பார்க்கிறவள். அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு சாயங்கால நடைக்கு அதுவே ஒரு காரணமாகிவிட்டது. எங்கே எது ருசி, என்ன விலை என்பதையெல்லாம் இளையவர்கள் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். இந்தக் கடையில் ஒரு பெண் உட்கார முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு நேரம், எவ்வளவு காசுக்கு? இந்தக் கேள்வி, இதே ரோட்டில் அன்றைக்கு இருந்த நாலைந்து கடைகளில் பிறந்தது.

எங்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை, ஒரு பலசரக்குக் கடை, வாடகை சைக்கிள் கடை, மாவு மில், சாயங்காலம் மட்டும் கல் காய்கிற ஒரு புரோட்டாக் கடை. அவ்வளவுதான் கடைவீதி. டீக்கடை வாசலில் நீளமாக இரண்டு பெஞ்சு. விடியுமுன்னே பாய்லர் சூடேறி, ரேடியோ பாடத் தொடங்கிவிடும். தினத்தந்தி வந்ததும் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் கடைக்கார அண்ணன் ஒருத்தரையும் எழுப்பியதில்லை. மடையை எப்போது திறப்பது, கண்மாய் மீன் ஏலம் யாருக்கு, யார் வீட்டுப் பெண்ணை எங்கே கொடுப்பது என்று ஊர்க் காரியம் பாதி அந்த பெஞ்சில்தான் முடிவாகும். பழைய டீக்கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த பெஞ்சை நினைத்து உருகுகிறார்கள். அவர்கள் உருக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்த பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நாற்று நடப் போகிற பெண்கள் டீயைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போய் வரப்பில் உட்கார்ந்து குடித்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் மரத்தடியில் நின்றார்கள். கீழத்தெருவிலிருந்து வந்த ஆண்களுக்கும் அந்த பெஞ்சு கிடையாது. அவர்களுக்குத் தனிக் கிளாஸ், ஓரமாகக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து குடித்து, கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த பெஞ்சு ஊருக்குப் பொதுவாக இருந்தது என்று இன்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புரோட்டாவின் கதையும் அதேதான். கல்லில் மாஸ்டர் புரோட்டாவை அடித்து உதிர்க்கிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். உள்ளே நாலு மேசை. ஆண்கள் அங்கேயே உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவார்கள். என்னைத் தூக்குவாளியோடு சால்னா வாங்க அனுப்புவார்கள். நான் வாசலில் நின்று பொட்டலத்தை வாங்கி வருவேன். வாழை இலைக்குள் அது வேர்த்து நைந்து வீடு வந்து சேரும். அம்மாவும் அத்தைமாரும் எல்லோருக்கும் எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் ஆறியதைச் சாப்பிடுவார்கள். கல்லிலிருந்து எடுத்த புரோட்டா மொறுமொறுப்பாக இருக்கும் என்பது என் அம்மாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அப்படியானால் பெண்கள் எங்கேதான் உட்கார்ந்தார்கள்? வேலையோடு வேலையாக உட்கார்ந்தார்கள். மாவு மில்லில் தகர டின்னை வரிசையில் வைத்துவிட்டு, மாவுத் தூசி படிந்த திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கரண்ட் போய்விட்டால் பேச்சு நீளும். கண்மாய்ப் படித்துறையில் துணியைத் துவைத்துக் காயப் போட்டு, அது காய்கிற வரைக்கும் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் நடந்த நல்லது கெட்டது அத்தனையும் அங்கே பேசப்படும். நான் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட அந்தக் கரையில் கேட்டுத் தெரிந்துகொண்டது அதிகம்.

டவுனில் அப்படியோர் இடம் புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய கல் மண்டபம். எங்கள் காலத்தில் அதற்குள் தையல்காரர்களும், வளையல் கடைகளும், பாத்திரக் கடைகளும், புத்தகக் கடைகளும் நிறைந்திருந்தன. தூணுக்குத் தூண் தையல் மிஷின். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடைகள் அங்கே தைத்து மலையாகக் குவியும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கல் தரை குளுகுளுவென்றிருக்கும். ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு, 'ஒரு மணி நேரத்துல தந்துர்றேம்மா' என்று தையல்காரர் சொன்னால், யாளிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்துவிடலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். என் அம்மா டவுனில் கூச்சமில்லாமல் உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான். 2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோயிலைச் சுற்றி இருந்த கடைகள்மேல் எல்லோர் பார்வையும் விழுந்தது. புதுமண்டபத்துக் கடைகளைப் புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களைக் காப்பாற்ற அது வேண்டியதுதான். தையல்காரர்கள் இப்போது அங்கே எண் போட்ட கடைகளில் இருக்கிறார்கள். காத்திருக்கிற பெண் கடைக்கு வெளியே வராந்தாவில் நிற்கிறாள்.

சினிமாக் கொட்டகையைச் சொல்லாமல் மதுரையைப் பற்றி எழுத முடியாது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952-ல் 'பராசக்தி' படத்தோடு திறந்த தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் 2500 பேருக்கு மேல் உட்காரலாம். பெண்களுக்குத் தனி டிக்கெட் வரிசை, தனிப் பகுதி. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டும், முறுக்கு தின்றுகொண்டும், அழுதுகொண்டும், மூன்று மணி நேரம் எங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்தது அங்கேதான். இன்று அந்த இடத்தில் பல மாடி ஜவுளிக் கடை இருக்கிறது.

ரீகல் தியேட்டர் இன்னும் விசேஷமானது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் விக்டோரியா எட்வர்டு மன்றம் என்ற பழைய கட்டடத்தில் அது இருந்தது. பகலில் வாசகசாலை, சாயங்காலமானால் இங்கிலீஷ் படம். பத்திரிகை படிக்க அப்பா போவார். ஒரு முறை நானும் கூடப் போனேன். பெரிய பெரிய மேசைகள், மேலே ஓடுகிற விசிறி, எதிரெதிரே உட்கார்ந்து படிக்கிற ஆட்கள், காசு ஒன்றும் கேட்காத இருக்கைகள். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண்பிள்ளை. அப்பா எனக்கு ஒரு படப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் என்னால் ஒரு பக்கத்தையும் புரட்ட முடியவில்லை.

ஹோட்டல்களில் 'ஃபேமிலி ரூம்' என்று ஒன்று இருந்தது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போனால் அப்பா எங்களை அதற்குள்தான் கூட்டிப் போவார். மரத் தடுப்பு, அழுக்குத் திரை, ஒரு மேசை, காற்று கிடையாது. திரைக்கு வெளியே நடக்கிற எதுவும் தெரியாது. சர்வர் கையை மட்டும் உள்ளே நீட்டி இலையைப் போடுவார். பெண்களுக்குப் பாதுகாப்பாகச் செய்ததாகச் சொன்னார்கள். சாப்பிடுகிற பெண்ணை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பதுதான் உள்ளபடி காரணம். மீனாட்சி கல்லூரியில் படித்தபோது தோழிகள் சேர்ந்து ஒரு காபி குடிக்கலாம் என்று போனால், 'ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?' என்று கல்லாவில் கேட்டார்கள். திரும்பி வந்து கல்லூரி வாசலில் நின்றுகொண்டே பருத்திப்பால் குடித்தோம்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவளுக்கு, இன்றைய நத்தம் ரோட்டுக் கண்ணாடிக் காபிக் கடை எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். என் தம்பி மகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். அரசுத் தேர்வுக்கும் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் என்னை அங்கே கூட்டிப் போனாள். ரோட்டைப் பார்த்த மேசை. சுற்றிலும் பெண்பிள்ளைகள். இரண்டு பேர் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தார்கள். ஒருத்தி தனியாக உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். யாரும் அவளை எதற்கு வந்தாய், யாரோடு வந்தாய் என்று கேட்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. 'என்ன அத்தை?' என்றாள் தம்பி மகள். எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

பில் வந்தது. ஒரு காபி 160 ரூபாய். வெளியே டீக்கடையில் காபி 20 ரூபாய்தான். 'காபிக்கா அத்தை இந்தக் காசு? ரெண்டு மணி நேரம் ஒக்கார்றோம்ல, அதுக்கு' என்றாள். அவள் சொன்னது சரியான கணக்கு. அந்த 140 ரூபாய் நாற்காலியின் வாடகை. அதைக் கொடுக்க முடிகிற வீட்டுப் பெண்ணுக்கு இன்று உட்கார இடம் இருக்கிறது. என் அம்மாவுக்கு எத்தனை காசு இருந்தாலும் கிடைக்காத இடம் அது. பழைய பெஞ்சு போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் இந்த ஒன்றையாவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

கொடுக்க முடியாத பெண்களும் இதே மாதிரிக் கடைகளுக்குள்தான் இருக்கிறார்கள். இந்த ரோட்டிலுள்ள புதுக் கடை ஒன்றில் சாப்பிடப் போனபோது, சட்டைப் பையில் பேனா செருகிய ஒரு பெண் வந்து, 'டீச்சர்! நீங்க ஒக்காருங்க டீச்சர்' என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவள். ஊமச்சிகுளத்துக்கு அங்கிட்டிருந்து பஸ்ஸில் வருகிறாள். காலையில் 10 மணிக்கு வந்தால் ராத்திரி 10 ஆகிவிடுமாம்.

'ஒக்கார ஸ்டூலு எதுவும் இருக்காம்மா?'

'இருக்கு டீச்சர். ரெண்டு வாங்கிப் போட்ருக்காங்க. கூட்டம் இல்லாதப்ப ஒக்காரலாம்னு சொல்லிருக்காங்க.'

'கூட்டம் எப்ப இல்லாம இருக்கும்?'

சிரித்தாள். 'சாப்புடுங்க டீச்சர், ஆறிரும்' என்றாள்.

அவளுக்காக ஒரு சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதில் 2021-ல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடைகளில் வேலை செய்கிற எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கிற சந்தர்ப்பத்தை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும், நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும்படி விடக் கூடாது என்பது அதன் சாரம். ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் நின்று நின்றே கால் நரம்பு புடைத்துப்போன பெண்களை மனதில் வைத்து எழுதிய பிரிவு அது. நமக்கு முன்னால் 2018-ல் கேரளம் இதைச் செய்தது. அங்கே கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண்ணும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் பல வருடம் போராடிப் பெற்றது அது. அந்தப் பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. வேலை பார்க்கிற கட்டடத்தில் அது இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே பகலைக் கழித்திருக்கிறார்கள். பிறகுதான் நாற்காலி கேட்டார்கள்.

சட்டத்தில் 'சந்தர்ப்பம்' என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் என் மாணவி மாட்டிக்கொள்கிறாள். ஸ்டூல் வந்துவிட்டது, சந்தர்ப்பம் வரவில்லை. மணிக்கு இத்தனை நிமிடம் கட்டாயம் உட்கார வேண்டும் என்று முறை போட்டுக் கொடுத்தால் ஒழிய, கூட்டம் வருகிற கடையில் யாரும் உட்கார மாட்டார்கள். கூட்டம் வருகிற கடைதான் நல்ல கடை. ஆக, கடை நன்றாக நடக்க நடக்க அவள் நிற்கிற நேரமும் கூடுகிறது.

இந்த ரோட்டுக்கு வந்ததிலேயே நல்லது எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15-ல் திறந்தார்கள். பொதுப்பணித் துறை வளாகத்தில் தரைத் தளத்துக்கு மேல் ஆறு மாடி, 2 லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, லட்சக்கணக்கில் புத்தகங்கள். எனக்கு முக்கியம் வேறு. உள்ளே நுழைய யாரும் காசு கேட்பதில்லை. குளிர்ந்த அறை, நல்ல வெளிச்சம், நல்ல நாற்காலி, சுத்தமான கழிப்பறை. காலையில் போனால் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறவர்கள், நர்சிங் படிக்கிறவர்கள், கல்யாணமாகி ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு மறுபடி படிக்கத் துணிந்தவர்கள். மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், இந்தப் பக்கத்துப் பெண்ணொருத்தி கையில் பத்து பைசா இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பி, நாள் முழுவதும் உட்கார்ந்து படித்துவிட்டுத் திரும்பிவிட முடியும். ரீகல் வாசகசாலையில் பக்கம் புரட்ட முடியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை நான். இங்கே ஒரு தளத்தில் பாதிக்கு மேல் பெண்கள் தலை குனிந்து படிப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, இந்த ஊர் எங்களுக்குச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தையாவது செய்துவிட்டது என்று தோன்றும்.

வெளியே வந்த உடனே பஸ் நிறுத்தம். அங்கே அந்தப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

உட்கார இடமில்லாமல் நிற்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும், பாலம். சொக்கிகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டருக்கு எங்கள் ரோட்டின் தலைக்கு மேலே பறக்கும் பாலம் போகிறது. 2018-ல் வேலை தொடங்கி, 2023 ஏப்ரலில் திறந்தார்கள். நத்தம், துவரங்குறிச்சி வழியாகத் திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறவர்களுக்குப் பெரிய வசதி. நானும் அதில் போகிறேன். ஆனால் அதைக் கட்டும்போது, 2021 ஆகஸ்ட் 28-ம் தேதி நாராயணபுரம் அருகே பாலத் துண்டு விழுந்து, வடக்கேயிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளி செத்துப்போனார். பாலத்தில் விரைகிற யாரும் அவரை நினைப்பதற்கு அங்கே ஓர் அடையாளமும் இல்லை என்பது எனக்கு ஆறவில்லை.

பாலத்துக்காக ரோட்டை அகலமாக்கியபோது மரங்கள் போயின. மரங்களோடு அவற்றின் அடியில் இருந்தவர்களும் போனார்கள். எங்கள் நிறுத்தத்து மரத்தடியில் ஒரு பாட்டி பணியாரச் சட்டியோடு உட்கார்ந்திருப்பார். இனிப்புப் பணியாரம், காரப் பணியாரம், தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சட்னி. நின்றுகொண்டே தின்ன வேண்டும் என்றில்லை, வேரில் உட்கார்ந்து தின்னலாம். பெண்கள் உட்கார்ந்து தின்ற ஒரே கடை எங்கள் ரோட்டில் அது. மரம் வெட்டிய பிறகு பாட்டி கொஞ்ச நாள் பாலத் தூணுக்கு அடியில் சட்டியை வைத்துப் பார்த்தார். எழுப்பிவிட்டார்கள். தெருவோர வியாபாரிகளைக் காப்பாற்றவென்று 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. கணக்கெடுத்து, அட்டை கொடுத்து, விற்க இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கணக்கெடுத்து எல்லோருக்கும் அட்டை கொடுத்து முடிக்கிற வரைக்கும் யாரையும் எழுப்பக் கூடாது என்றும் சொல்கிறது. பாட்டிக்கு அது தெரியாது. இன்று அவர் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே, மண் சட்டியை அலங்காரமாக மாட்டிவைத்து, 'பாட்டி வீட்டுப் பணியாரம்' விற்கிற கடை வந்திருக்கிறது. ஒரு தட்டு 90 ரூபாய். ருசியாகத்தான் இருக்கிறது.

பாலத்துக்கு அடியில் நிழல் நிறைய இருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க மைல் கணக்கில் கூரை. அந்த நிழல் முழுக்கச் சாப்பிட வந்தவர்களின் கார்கள் நிற்கின்றன. பஸ்ஸுக்கு நிற்கிற வயதான பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள். கட்டணமில்லாத பஸ் வருகிற வரைக்கும் கால் கடுக்க நிற்பதும், வந்த பஸ் நிற்காமல் போனால் மறுபடி நிற்பதும் அவர்கள் பாடு.

கண்மாய்க் கரையும் போய்விட்டது. நாங்கள் துணி துவைத்த படித்துறை இப்போது ஒரு தெருவின் முனை. தண்ணீர் வந்துகொண்டிருந்த வாய்க்கால்மேல் வீடுகள் இருக்கின்றன. வடக்கு மதுரை கண்மாய்களும் ஓடைகளும் ஒன்றோடொன்று கோத்த பூமி. ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்ததற்குப் போகும். அந்தக் கோர்வை அறுந்ததை 2024 அக்டோபர் 25-ம் தேதி எல்லோரும் பார்த்தோம். ஒரு பிற்பகல் பெய்த மழையில் செல்லூர், நரிமேடு, முல்லை நகர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். பழைய மாணவிகள் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்கள். நாம் உட்கார இடம் பார்த்துக்கொண்டபோது தண்ணீர் தங்குவதற்கு இடம் விடவில்லை.

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை என்பதற்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சாட்சி. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். என் காலத்தில் அது வறண்டு கிடக்கும். தைத் தெப்பத்துக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள். மற்ற நாளெல்லாம் பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் தலைமுறைக்குத் தெப்பக்குளம் என்றால் அது ஒரு மைதானம். பிறகு பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். இன்று வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கிறது, படகு ஓடுகிறது. சாயங்காலமானால் சுற்றுச் சுவர் நெடுக மனிதர்கள். எதிரே பானிபூரி, காளான், சுண்டல், ஜிகர்தண்டா, கறி தோசை என்று எதை வேண்டுமானாலும் வாங்கித் தின்னலாம். ஒன்றும் வாங்காமல் ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்தும் இருக்கலாம். வேலை முடித்துவந்த பெண்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைகளுக்கும் வியாபாரம் குறையவில்லை. உட்கார இடமிருந்தால் ஜனம் வரும், ஜனம் வந்தால் கடை ஓடும்.

ஆகவே புதிதாகக் கடை திறக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். செண்டை மேளத்துக்குக் கொடுக்கிற காசில் ஒரு பகுதியை எடுத்து, உங்கள் வாசலில் ஒரு பெஞ்சு போடுங்கள். வாங்குகிறவர்களுக்கென்று எழுதி வைக்காதீர்கள். உள்ளே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஸ்டூல் மட்டும் போதாது, முறை வைத்து உட்காரும் நேரத்தையும் கொடுங்கள். மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும்: பாலத்துக்கு அடியில் இருக்கிற நிழலில் கொஞ்சத்தைக் கார்களிடமிருந்து வாங்கி, பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களுக்கும், சட்டி வைத்து விற்கிற பாட்டிமாருக்கும் பிரித்துக் கொடுங்கள். இதை வாசிக்கிற தங்கைகளுக்கும் ஒன்று: எந்தக் கடை வாசலில் பெஞ்சு போட்டிருந்தாலும், காரணம் எதுவும் தேடாமல் போய் உட்காருங்கள்.